எம்மி நோதர் அம்மையாரும் “தகுதி”யும்

ஏப்ரல் மாதம் 14-ந் தேதி வந்துவிட்டால் நம் நாட்டில் பஞ்சாங்கம் படிக்க உட்கார்ந்துவிடுவார்கள். இந்த வருஷம் எத்தனை மரக்கால் மழை, எந்த ராசிக்கு எவ்வளவு ஆதாயம், எவ்வளவு விரயம் என்று புரோகிதர் சொல்ல, பி.ஏ. படித்தவரும் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருப்பார். நமது தோழர்களுக்கோ அது டாக்டர் அம்பேத்கர் பிறந்த தேதி. அதே தேதியில், 1935-ம் வருஷத்தில், அமெரிக்கா தேசத்தில் பிரின் மார் என்னும் ஊரில், ஜெர்மனியிலிருந்து துரத்தப்பட்டு வந்த ஒரு பெண் பேராசிரியர் 53-வது வயதில் இறந்துபோனார். அவர் பெயர் எம்மி நோதர். கணித சாஸ்திரம் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. ஐன்ஸ்டீன் பெயர் தெரிந்த நமது கிராமத்துத் தோழர்கள்கூட இந்த அம்மையார் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த ஐன்ஸ்டீனே, பெண்களுக்கு உயர்தரக் கல்வி தொடங்கிய காலத்திலிருந்து தோன்றியவர்களுக்குள் கணிதத்தில் இவருக்கு மேலான படைப்புத் திறமையுள்ளவர் இல்லையென்று, அம்மையார் இறந்த சில வாரங்களில் நியூயார்க் பத்திரிகை ஒன்றுக்கு எழுதினார். ஆகவே இவரைப்பற்றி இந்த வாரம் சிறிது எழுதலாமென்று கருதுகின்றோம்.

கணக்குக்கும் சுயமரியாதை இயக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். “தகுதி, திறமை” என்ற வார்த்தைகளை நம் நாட்டில் யார் யாரைப் பார்த்துச் சொல்லுகின்றார்கள் என்பதும், எதற்காகச் சொல்லுகின்றார்கள் என்பதும் வாசகர்களுக்குத் தெரிந்ததேயாகும். அந்த வார்த்தைகளின் உண்மையான யோக்கியதையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இந்த அம்மையாருடைய வாழ்க்கையைவிட நல்ல அத்தாட்சி கிடைப்பது கஷ்டம். ஏனென்றால், இவருக்குத் தகுதி இல்லையென்று சொல்ல ஜெர்மனியில் ஒருவராலும் முடியவில்லை. இருந்தும் கதவு அடைக்கப்பட்டது. ஒரு தடவையல்ல, இரண்டு தடவை. முதல் தடவை பெண்ணாய்ப் பிறந்ததற்காக. இரண்டாந் தடவை யூத குலத்தில் பிறந்ததற்காக.

அம்மையார் 1882-ம் வருஷம் மார்ச் 23-ந் தேதி பவேரியாவிலுள்ள எர்லாங்கன் என்னும் ஊரில் பிறந்தார். தகப்பனார் மாக்ஸ் நோதர் அவ்வூர் சர்வகலாசாலையில் கணிதப் பேராசிரியர். வீட்டில் கணக்கே பேச்சு. ஆனால், அந்தக் காலத்து வழக்கப்படி பெண் குழந்தைக்குச் சமையலும், பியானோவும், நடனமும்தான். 1900-ல் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சும் இங்கிலீஷும் கற்பிக்கத் தகுந்த பரீட்சையில் தேறினார். அத்தோடு நின்றிருந்தால் எல்லோரும் திருப்தியடைந்திருப்பார்கள். அவரோ கணிதம் படிக்க வேண்டுமென்றார்.

எர்லாங்கன் சர்வகலாசாலையின் சபையார் இதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்புதான், அதாவது 1898-ல், பெண்களைச் சேர்த்துக்கொண்டால் கலாசாலையின் ஒழுங்கெல்லாம் தலைகீழாகிவிடுமென்று தீர்மானித்திருந்தார்கள். ஆகையால் அவர் மாணவராகச் சேர முடியவில்லை. ஒவ்வொரு ஆசிரியரிடமும் தனித்தனியாகப் போய், “உங்கள் வகுப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாமா?” என்று அனுமதி வாங்க வேண்டும். தகப்பன் பேராசிரியராயிருக்கும் கலாசாலையிலேயே மகளுக்கு இந்தக் கதி. 986 மாணவர்களுக்கு நடுவே இப்படி உட்கார்ந்திருந்த பெண்கள் இரண்டே பேர். 1904-ல் விதி மாறியது. 1907-ல் அவர் டாக்டர் பட்டத்துக்குத் தேறினார்.

அதே 1907-ல்தான் நம் சென்னை வைத்தியக் கல்லூரியில் முத்துலட்சுமி அம்மையார் சேர்ந்தார் என்பதை வாசகர்கள் ஞாபகப்படுத்திக் கொள்ளலாம். அதற்கு முன் அவர் புதுக்கோட்டை மகாராஜா கலாசாலையில் சேரப் போனபோது, ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று ஆட்சேபணை கிளம்பிற்று. ராஜா உத்தரவு போட்ட பிறகே இடம் கிடைத்தது. எர்லாங்கன் எங்கே, புதுக்கோட்டை எங்கே! வேதம் வேறு, பாஷை வேறு, நிறம் வேறு. பெண் படித்தால் “ஒழுங்கு கெட்டுவிடும்” என்பதில் மாத்திரம் எல்லா தேசத்துப் பெரியவர்களும் ஒரே மடத்துச் சிஷ்யர்களாய் இருந்திருக்கின்றார்கள். கல்விக்குப் பெண் தெய்வம் வைத்து வருஷம் ஒரு நாள் சுண்டல் வைத்துக் கும்பிடுகிற நம் நாட்டில், அந்தத் தெய்வத்தின் இனத்தாரில் எத்தனை பேருக்கு எழுத்து தெரிந்திருந்தது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

பட்டம் வாங்கிய பிறகு 1908 முதல் 1915 வரை ஏழு வருஷகாலம் எர்லாங்கனிலேயே வேலை செய்தார். தகப்பனார் உடம்பு சரியில்லாதபோது அவருக்குப் பதிலாக வகுப்பும் நடத்தினார். சம்பளம் ஒரு காசு கிடையாது.

1915-ல் கெட்டிங்கன் நகரத்துச் சர்வகலாசாலைக்கு ஹில்பர்ட், கிளைன் என்ற இரண்டு பெரிய கணிதப் பேராசிரியர்கள் அவரை அழைத்தார்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே கணிதத்துக்குத் தலைமை ஸ்தானமாயிருந்தது கெட்டிங்கன்தான். ஐன்ஸ்டீனுடைய புதிய சித்தாந்தம் அப்போதுதான் வெளிவந்துகொண்டிருந்தது. அதில் சக்தியைப் பற்றிய ஒரு சிக்கல் அவிழாமல் கிடந்தது. அதை அவிழ்க்கும் கணிதம் தெரிந்தவர் என்பதற்காகவே அம்மையாரை அழைத்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், அவர் உதவி அவர்களுக்குத் தேவைப்பட்டது.

ஆனால் வகுப்பு நடத்தும் அதிகாரம் கொடுக்க வேண்டுமென்று கேட்டபோது மற்றப் பண்டிதர்கள் எழுந்து நின்றுகொண்டார்கள். இவர்களில் முக்கியமானவர்கள் மொழி ஆராய்ச்சி, சரித்திரம் முதலியவற்றில் வல்லவர்கள். யுத்தகளத்திலிருந்து திரும்பி வரும் நமது போர்வீரர்கள் ஒரு பெண்ணின் காலடியில் உட்கார்ந்து பாடம் கேட்பதா என்பது அவர்களுடைய வாதம். அதற்கு ஹில்பர்ட், இது சர்வகலாசாலையேயொழிய குளிக்கும் இடமல்லவே, ஆணா பெண்ணா என்ற விசாரணை இங்கே எதற்கு என்று கேட்டதாகச் சொல்லுவார்கள். நல்ல கேள்விதான். ஆனால் பலிக்கவில்லை. சர்க்கார் சட்டமும் அப்போது பெண்களுக்கு விரோதமாகவே இருந்தது.

வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த எதிர்ப்பாளர்களில் ஒருவராவது, “இந்தப் பெண்ணுக்குக் கணிதம் தெரியாது” என்று சொன்னாரா? சொல்லவில்லை. “இன்னாரைவிட இவர் மட்டம்” என்றாவது சொன்னாரா? இல்லை. தகுதியைப் பற்றிய பேச்சே அங்கு எழவில்லை. தகுதி என்பது கீழே இருப்பவனைத் தடுக்க உதவும்போது மாத்திரம் வெளியே எடுக்கப்படும் ஆயுதம். கீழே வைக்கப்பட்டவர் தகுதியோடு வந்து நின்றால், உடனே அதை உறையில் போட்டுவிட்டுப் பிறவி, வழக்கம், ஒழுங்கு, போர்வீரர் மனம் புண்படும் என்று வேறு ஆயுதங்களை எடுப்பார்கள். நம் ஊரில் கோயிலுக்குள் விடாததற்கும், ஒரே குளத்தில் இறங்கவிடாததற்கும் சொல்லப்பட்ட காரணங்கள் எந்தெந்த மாதிரி மாறி மாறி வந்தன என்பதைக் கண்டவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

பிறகு நடந்தது வேடிக்கை. பேராசிரியர் ஹில்பர்ட் பெயரால் வகுப்பு என்று விளம்பரம் போடுவார்கள். “டாக்டர் நோதர் உதவியுடன்” என்று பக்கத்தில் ஒரு வார்த்தை இருக்கும். திங்கட்கிழமை 4 மணி முதல் 6 மணி வரை, கட்டணம் கிடையாது என்றும் இருக்கும். வகுப்பில் வந்து நின்று பாடம் சொல்லுவது அம்மையார்! ஆண் பெயர் பலகையில் தொங்கினால் போதும், போர்வீரர்களின் மானம் காப்பாற்றப்பட்டுவிடுகின்றது. உழுகிறவன் ஒருவன், பட்டா இன்னொருவன் பேரில் என்பது நமக்குப் பழக்கமான ஏற்பாடுதானே.

இந்த நிலையில் இருந்துகொண்டுதான், தம் பெயரால் ஒரு வகுப்பு நடத்தவும் உரிமையில்லாமல் இருந்துகொண்டுதான், 1918-ல் அவர் தமது பேர்பெற்ற தேற்றத்தை வெளியிட்டார். அதையும் கெட்டிங்கன் விஞ்ஞான சங்கத்தில் தாமே படிக்க முடியவில்லை. அவர் அங்கத்தினர் அல்ல. ஆகையால் கிளைன் எடுத்துச் சமர்ப்பித்தார்.

அந்தத் தேற்றம் என்னவென்று தெரிந்துகொள்ள நமது வாசகர்கள் ஆசைப்படுவார்கள். அதிலுள்ள கணிதத்தை இங்கே எழுத முடியாது. ஆனால் அதன் கருத்தைச் சொல்லலாம். சொல்லப்போனால், பஞ்சாங்கம் பார்க்கிற நாட்டாருக்கு அதை விளக்குவது மற்றவர்களுக்கு விளக்குவதைவிடச் சுலபமென்றே நினைக்கின்றோம்.

நம்மவர்கள் ராகுகாலம், எமகண்டம் என்று காலத்தில் பேதம் வைத்திருக்கின்றார்கள். புண்ணிய க்ஷேத்திரம், தீட்டுப்பட்ட இடம் என்று இடத்தில் பேதம் வைத்திருக்கின்றார்கள். வாரசூலை, கிழக்கே போகாதே, வடக்கே தலை வைக்காதே என்று திசையில் பேதம் வைத்திருக்கின்றார்கள். இயற்கைக்கு இந்த மூன்று பேதமும் இல்லை. ஒரு பரிசோதனையைத் திங்கட்கிழமை காலை செய்தாலும், அதே சாதனங்களோடு வெள்ளிக்கிழமை ராகுகாலத்தில் செய்தாலும் விதி ஒன்றேதான். ஈரோட்டில் செய்தாலும் பெர்லினில் செய்தாலும் ஒன்றேதான். சாதனம் முழுவதையும் கிழக்கிலிருந்து மேற்காகத் திருப்பி வைத்தாலும் ஒன்றேதான். இதுவரையில் அறிவாளிகள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நோதர் அம்மையார் செய்தது என்னவென்றால், இயற்கை விதியில் இம்மாதிரி ஒரு சமத்துவம் தொடர்ச்சியாக இருக்குமானால், அதற்கு ஈடாக அழியாத அளவு ஒன்று இருந்தே தீர வேண்டுமென்று கணிதத்தால் நிரூபித்ததுதான்.

காலத்தில் பேதமில்லாததிலிருந்து வருவது, சக்தி அழிவதில்லை என்னும் விதி. அது ஒரு உருவிலிருந்து மற்றொரு உருவுக்கு மாறுமேயொழிய மொத்தம் குறையாது, கூடாது. இடத்தில் பேதமில்லாததிலிருந்து வருவது, பளுவையும் வேகத்தையும் சேர்த்துப் பார்க்கும் உந்தம் என்னும் அளவு மாறாதென்ற விதி. படகிலிருந்து கரைக்குக் குதித்தால் படகு பின்னே நகருவது இதனால்தான். திசையில் பேதமில்லாததிலிருந்து வருவது சுழற்சியின் அளவு மாறாதென்பது. கைகளை விரித்துச் சுழலுகிறவள் கைகளை மடக்கிக்கொண்டால் வேகமாகச் சுழலுவதைப் பார்க்கின்றோம் அல்லவா, அது இந்த விதியைச் சேர்ந்தது. இந்த விதிகள் தனித்தனியாக முன்பே தெரிந்திருந்தன. இவை எங்கிருந்து வருகின்றன என்பதுதான் இப்படிப் பொதுவாக விளங்காமல் இருந்தது. அதன் பிறகு இன்றுவரை பௌதிக சாஸ்திரத்தில் அணுவுக்குள் அணுவாக எத்தனையோ துகள்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கின்றார்கள். அவ்வளவுக்கும் இந்தத் தேற்றம் கைவிளக்காயிருக்கின்றது. ராகுகாலம் பார்த்து இயங்குகிற பிரபஞ்சமாயிருந்தால் அதில் சக்தி அழியாதென்று நாம் நம்பியிருக்க முடியாது என்பதைச் சோதிடப் பண்டிதர்கள் கொஞ்சம் யோசிப்பார்களாக.

நிற்க. 1919-ல் அம்மையாருக்கு வகுப்பு நடத்தும் உரிமை கிடைத்தது. இடையில் கெட்டிங்கன் பண்டிதர்களுக்கு ஞானோதயம் உண்டாகிவிட்டதென்று யாரும் நினைக்க வேண்டாம். 1918 நவம்பரில் ஜெர்மனியில் புரட்சி உண்டாகி, கெய்சர் ஹாலந்துக்கு ஓடினார். ராஜாங்கம் போய்க் குடியரசு வந்தது. பெண்களுக்கு ஓட்டு வந்தது. அரசியலில் கதவு திறந்த பின்புதான் கலாசாலையிலும் கதவு திறந்தது. நாளடைவில் மனம் மாறும், பொறுத்திருங்கள் என்று நமக்கு உபதேசம் செய்கிறவர்கள் இந்தத் தேதிகளைப் பார்த்துக்கொள்ளட்டும். 1922-ல் பேராசிரியர் என்ற பட்டம் கொடுத்தார்கள். உத்தியோகமோ சம்பளமோ அதோடு சேரவில்லை. 1923-ல்தான் ஏதோ கொஞ்சம் படி கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். அப்போது அவருக்கு வயது 41. கூலியில்லாமல் செய்த வேலை பதினைந்து வருஷம்.

1921-ல் வெளியிட்ட கட்டுரையால் அல்ஜீப்ரா என்னும் சாஸ்திரத்தின் போக்கையே அவர் மாற்றிவிட்டார். எண்களையும் சூத்திரங்களையும் மலை மலையாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததை விட்டு, அவைகளுக்குள் நடக்கும் உறவு என்ன, அந்த உறவுக்கு அடிப்படையான விதி எவ்வளவு சிறியது என்று பார்க்கக் கற்பித்தார். “நோதர் வளையங்கள்” என்று அவர் பெயராலேயே ஒரு வகை இன்று எல்லா தேசத்துக் கலாசாலைகளிலும் பாடமாயிருக்கின்றது.

ஆனாலும் நாம் அவரைப் பெரிதும் நினைப்பது ஆசிரியர் என்ற முறையிலேயே. வெளிப்பார்வைக்கு அவர் நல்ல பிரசங்கி அல்ல. மடமடவென்று பேசுவார். எழுதியதை மாணவர் பார்ப்பதற்குள் அழித்துவிடுவார். புதிதாக வந்தவனுக்குத் தலை சுற்றும். அவர் தயார் செய்த பாடத்தை ஒப்புவிப்பவர் அல்ல. வகுப்பிலேயே, மாணவர்களின் முன்னிலையிலேயே யோசிப்பார். தங்கிப் பொறுத்துக் கேட்டவர்கள் அவரை விட்டுப் பிரியவில்லை. ஒரு தடவை விடுமுறை நாளென்று கலாசாலைக் கட்டடம் பூட்டியிருந்தது. பாடத்தை நிறுத்துவதா? மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மரங்களுக்கிடையே நடந்து போய், ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து நடத்தி முடித்தார். மாணவர்கள் “நோதர் பையன்கள்” என்று பெயர் வாங்கினார்கள். பாடம் வகுப்பில் பாதி, தெருவில் நடந்துகொண்டே பாதி, அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பாதி. இது ஒன்றரை ஆகின்றதே என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லலாம். அவரிடம் படித்தவர்கள் அப்படித்தான் உணர்ந்தார்கள்.

ஹாலந்திலிருந்து வான் டெர் வார்டன் என்ற வாலிபர் 1924-ல் வந்தார். அவர் பின்னால் எழுதிய புதிய அல்ஜீப்ரா என்னும் புத்தகம் 1930, 1931-ம் வருஷங்களில் வெளிவந்து உலகமெங்கும் பாடப்புத்தகமாயிற்று. அதன் முகப்பிலேயே ஆர்ட்டின், நோதர் ஆகிய இருவருடைய வகுப்புகளை ஆதாரமாகக் கொண்டது என்று அச்சிட்டிருந்தார். சீனாவிலிருந்து சென், ஜப்பானிலிருந்து ஷோடா, பாலஸ்தீனத்திலிருந்து லெவிட்ஸ்கி என்று பலர் வந்தார்கள். 1928-29 குளிர்காலத்தில் அவரே மாஸ்கோவுக்குப் போய்க் கற்பித்தார். கெட்டிங்கனில் அவரிடம் முதலில் டாக்டர் பட்டத்துக்கு எழுதியவர் கிரெட்டே ஹெர்மன் என்ற பெண். அந்த ஹெர்மன் அம்மையார் 1935-ல், பெயர்பெற்ற வான் நாய்மனுடைய ஒரு நிரூபணத்தில் ஓட்டை இருப்பதை எடுத்துக் காட்டினார். முப்பது வருஷம் உலகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1966-ல் பெல் என்ற ஆண் சொன்ன பிறகே அது எடுபட்டது. இதற்கு நாம் வியாக்கியானம் செய்ய வேண்டியதில்லை.

நோதர் அம்மையாருடைய யோசனைகளை மாணவர்களும் நண்பர்களும் விரித்தெழுதித் தங்கள் பெயரில் வெளியிட்டார்கள். அவருக்கு அதில் வருத்தமே கிடையாது. அவரே எடுத்துக் கொடுப்பார். கணிதப் பத்திரிகை ஒன்றுக்குப் பல வருஷம் ஆசிரியர் வேலை செய்தார். அதன் அட்டையில் அவர் பெயர் வரவில்லை. நமது புராணத்தில் ஒரு வாத்தியார் இருக்கின்றார். தாம் கற்றுக்கொடுக்காத வித்தைக்குக் குருதட்சணையாக வேடன் மகனுடைய கட்டை விரலை வாங்கிக்கொண்டார். அந்த வாத்தியார் பெயரால் நாட்டில் விளையாட்டுப் பயிற்சி ஆசிரியர்களுக்குப் பரிசு கொடுப்பதாக அறிகின்றோம்! தாம் கண்டுபிடித்த வித்தையையே மாணவர் பெயரில் எழுதி வைத்த ஆசிரியரை இதோ காட்டுகின்றோம். எது நல்ல உதாரணம் என்பதை ஆசிரியத் தோழர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

1932-ல் சூரிச் நகரில் உலகக் கணித மகாநாடு கூடியது. முழுச் சபைக்கும் பிரசங்கம் செய்ய அழைக்கப்பட்ட முதல் பெண் அவரே. அவ்வளவு கீர்த்தி. ஏழு மாதம் செல்லவில்லை. 1933 ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். ஏப்ரல் 7-ந் தேதி ஒரு சட்டம் வந்தது. ஆரியர் அல்லாதார் சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கக்கூடாது. ஆரியர் அல்லாதார் யார் என்பதற்கு அதே வாரத்தில் விளக்கமும் வந்தது. பாட்டன் பாட்டி நால்வரில் ஒருவர் யூதராயிருந்தாலும் போதும். ஒருவன் என்ன படித்தான், என்ன செய்கின்றான், எந்த மதத்தை நம்புகின்றான், நம்பவில்லை என்ற கேள்வியே இல்லை. எந்த வயிற்றில் பிறந்தான் என்பதே கேள்வி. இதை வெள்ளைக்காரன் சட்டம் என்று நினைத்து ஆச்சரியப்படுகிறவர்கள் மனுதர்மத்தை ஒரு தடவை புரட்டிப் பார்த்தால் ஆச்சரியம் தீர்ந்துபோகும்.

அந்த மாதக் கடைசியிலேயே அம்மையாரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பதினான்கு கணித நிபுணர்கள் அவருக்காகச் சான்று எழுதினார்கள். பயனில்லை. செப்டம்பரில் கற்பிக்கும் உரிமை பறிக்கப்பட்டது. ஒருவர் இருவரல்ல, கெட்டிங்கனில் பெரிய பெரிய பேராசிரியர்கள் பலர் இப்படியே வெளியேற்றப்பட்டார்கள். சில காலத்துக்குப் பின் கல்வி மந்திரி ஹில்பர்ட்டைப் பார்த்து, யூதர்கள் போனதால் கெட்டிங்கன் கணிதத்துக்கு ஏதாவது நஷ்டமுண்டா என்று கேட்க, அந்தக் கிழவர், நஷ்டமா, இப்போது அங்கே கணிதமே இல்லையே என்று பதில் சொன்னதாகச் சொல்லுகின்றார்கள்.

வேலை போன அம்மையார் என்ன செய்தார்? மாணவர்களைத் தம் வீட்டுக்கு வரச் சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்து நடத்தினார். அப்படி வந்தவர்களில் ஒரு மாணவர் நாஜிப் படையின் பழுப்புச் சட்டையோடே வந்து உட்கார்ந்தார். அம்மையார் முகம் மாறவில்லை, பாடத்தை ஆரம்பித்தார். நாமாயிருந்தால் வாசலோடு அனுப்பியிருப்போம். அது பலவீனமென்று சிலர் சொல்லலாம். நாம் அப்படிச் சொல்லத் துணியவில்லை. பிறவியைப் பார்த்து அறிவை அளக்கக்கூடாதென்று எந்தச் சட்டத்தை எதிர்க்கிறாரோ, அதற்கு அவர் வீட்டுக்குள் இடமேயில்லை என்பதாகத்தான் நமக்குத் தோன்றுகின்றது. அன்றியும் அந்தக் கோடையில் துவேஷமும் பயமும் சூழ்ந்திருந்தபோது, தம் கதியைப் பற்றிக் கவலைப்படாத அவருடைய தைரியமே தங்களுக்கு ஆறுதலாயிருந்ததென்று உடன் ஆசிரியர் வைல் பிறகு சொல்லியிருக்கின்றார்.

1933 கடைசியில் அமெரிக்காவில் பிரின் மார் என்னும் பெண்கள் கலாசாலை அவருக்கு இடம் கொடுத்தது. ஆணின் பெயருக்குப் பின்னால் நின்று பாடம் சொன்னவருக்கு இப்போது ஒரு பெண்ணின் தலைமையில் நடக்கிற கணிதப் பகுதியில், பெண் மாணவர்களுக்கு நடுவே வேலை. வாரம் ஒரு முறை பிரின்ஸ்டன் நகரத்து ஆராய்ச்சி நிலையத்துக்கும் போய்ப் பிரசங்கம் செய்து வந்தார். அதே ஊரிலுள்ள பிரின்ஸ்டன் சர்வகலாசாலை பட்டப்படிப்புக்குப் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1969-ல்தான். ஜனநாயகம் முழங்கும் அமெரிக்காவின் லட்சணமும் அதுவே. பிரின் மாரில் மாணவிகளோடு நெடுந்தூரம் நடப்பார். பேச்சு சூடேறினால் நடுத்தெருவென்றும் பாராமல் நின்றுவிடுவார். வண்டி வருகிறதா என்று மாணவிகள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ரூத் ஸ்டாஃபர் என்ற மாணவி அவரிடம் எழுதிய ஆராய்ச்சிக்கு 1935-ல் பட்டம் பெற்றார். அந்த வருஷம் ஏப்ரலில் வயிற்றுக் கட்டிக்குச் சஸ்திர சிகிச்சை நடந்தது. நன்றாகத் தேறி வருவதாகவே எல்லோரும் நினைத்திருக்க, நான்காம் நாள் இறந்துபோனார். அங்கே அவர் இருந்தது ஒன்றரை வருஷமே.

பன்னிரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 26-ந் தேதி, பிரின் மாரில் வைல் நினைவுப் பிரசங்கம் செய்தார். கெட்டிங்கனில் தாம் பெரிய பதவியில் இருந்தபோது, பல விதத்திலும் தம்மைவிட மேலான அம்மையார் கீழே இருந்ததைக் கண்டு வெட்கப்பட்டதாகவும், அவருக்கு நல்ல இடம் வாங்கிக் கொடுக்க முயன்று தோற்றதாகவும் ஒப்புக்கொண்டார். இது பெருந்தன்மையான பேச்சு. அதே பிரசங்கத்தில், கெட்டிங்கனில் அவருடைய பெயருக்கு முன் ஆண்பாலுக்குரிய சொல்லைச் சேர்த்து மரியாதையாய் அழைத்ததையும் சொல்லி, அவருடைய அழகில்லாமையையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். இது நமக்குப் பிடிக்கவில்லை. ஹில்பர்ட் அழகரா என்று எந்த இரங்கல் பிரசங்கத்திலாவது யாராவது ஆராய்ந்ததுண்டா? நம் ஊரிலும் ஒரு பெண் துணிந்து ஒரு காரியம் செய்தால் “ஆண்பிள்ளைச் சிங்கம்” என்று மெச்சுவார்கள். அறிவும் தைரியமும் ஆணுக்குரிய சொத்து, இவள் ஏதோ கடன் வாங்கியிருக்கிறாள் என்பதுதான் அந்த மெச்சுதலின் கருத்து.

ஹிட்லர் ஆட்சி நடக்கும் ஜெர்மனியிலேயே, 1935-லேயே, வான் டெர் வார்டன் தம் ஆசிரியரைப் புகழ்ந்து ஒரு நீண்ட இரங்கல் கட்டுரை எழுதிக் கணிதப் பத்திரிகையில் அச்சிட்டார். மாஸ்கோவில் அலெக்ஸாந்த்ரோவ் பேசினார். அம்மையாருடைய தம்பி பிரிட்ஸ் நோதரும் கணித நிபுணர். அவரும் ஜெர்மனியிலிருந்து துரத்தப்பட்டு ருஷியாவில் தோம்ஸ்க் நகரத்தில் வேலை பார்த்தார். அங்கே 1937-ல் பொய்க் குற்றம் சாட்டிச் சிறையிலடைத்து, 1941-ல் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். குற்றமற்றவர் என்று 1988-ல் அந்தச் சர்க்காரே தீர்ப்பளித்தது. துரத்தினவர்கள் ஒரு பக்கம், அடைக்கலம் கொடுத்துக் கொன்றவர்கள் ஒரு பக்கம். எந்தக் கொடி பறக்கிறதென்பதைப் பார்த்து மட்டும் மயங்குகிற நமது வாலிபத் தோழர்கள் இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

நமது இயக்கம் 1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில், பெண்களுக்குச் சொத்துரிமையும் எந்தத் தொழிலையும் செய்யும் உரிமையும் வேண்டுமென்று தீர்மானித்தது. உரிமை காகிதத்தில் வந்த பிறகும், “பெண்ணுக்குக் கணக்கு வராது” என்ற பேச்சு நம் வீடுகளில் போகவில்லை. எட்டாம் வகுப்புப் பெண் கணக்கில் குறைந்த மார்க்கு வாங்கினால் “அவளுக்கு எதற்கு அது” என்கின்றார்கள். பையன் வாங்கினால் டியூஷன் வைக்கின்றார்கள். இயக்கத் தோழர்களின் வீட்டிலும் இது நடப்பதை நாம் கேள்விப்படுகின்றோம். மேடையில் பெண்ணுரிமை பேசி விட்டு வந்து வீட்டில் மகளைப் பாத்திரம் தேய்க்க எழுப்புகிறவர் எர்லாங்கன் சபையாரைப் பார்த்துச் சிரிக்க உரிமையில்லாதவர். அடுத்த வாரமே தங்கள் ஊர்ச் சங்கத்தில் எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு ஆசிரியரைப் பிடிக்கும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம். இடம் பூட்டியிருந்தால் வாசற்படியில் நடத்தலாம்.

கெட்டிங்கன் விஞ்ஞான சங்கம் அம்மையாரைச் சாகும்வரை அங்கத்தினராக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது எர்லாங்கனில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கின்றார்கள். சந்திரனில் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர். ஜெர்மன் ஆராய்ச்சி நிதியார் எம்மி நோதர் திட்டம் என்று ஒன்று வைத்து, இளம் விஞ்ஞானிகள் தாங்களே ஒரு குழுவை நடத்தி ஆராய்ச்சி செய்யப் பணம் கொடுத்து வருகின்றார்கள். சம்பளமும் உண்டு.